எடின்பரோவைப் பார்க்க கிளாஸ்கோவில் தங்கினோம்: மூன்று பேரின் முழுப் பயணக் கணக்கு

அம்மாவிடம் இருந்தது 4,20,000 ரூபாய். அரசுப் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர். ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்ததும், ஒரு சீட்டு முடிந்து வந்ததும் சேர்ந்த பணம் அது. அதற்குள் அம்மா, சித்தி, நான் மூவரும் பிரிட்டனுக்குப் போய்விட்டு வர வேண்டும். அம்மாவுக்கு எடின்பரோ கோட்டையைப் பார்க்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. சித்திக்கு லண்டன்.

2025 மே 15 முதல் 23 வரை எட்டு இரவுகள் தங்கினோம். திருச்சியில் வீட்டைப் பூட்டியதிலிருந்து திரும்பி வந்து திறந்தது வரை ஆன செலவு 4,06,750 ரூபாய். கோட்டையைப் பார்த்தோம், லண்டனைப் பார்க்கவில்லை. தங்கியது இரண்டு ஊரிலும் இல்லை, எடின்பரோவைப் போலவே ஸ்காட்லாந்தில் இருக்கும் கிளாஸ்கோவில். அந்த முடிவுக்கு எப்படி வந்தோம், எதில் மிச்சமானது, எங்கே தவறினோம் என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன். இதே அளவு பணத்தை வைத்துக்கொண்டு இதே கேள்வியோடு உட்கார்ந்திருக்கும் குடும்பங்களை எனக்குத் தெரியும்.

முதலில் வந்த விலை

எல்லாரையும் போல நாங்களும் முதலில் ஒரு பயண முகவரிடம்தான் போனோம். லண்டன், ஐந்து இரவு, ஆறு பகல், தலைக்கு 1,85,000 ரூபாய். விசாக் கட்டணம் தனி, மதிய உணவு தனி. மூன்று பேருக்கு 5,55,000. வெளிநாட்டுச் சுற்றுலாவைத் தொகுப்பாக வாங்கினால் மூலத்திலேயே வசூலிக்கும் வரியும் உண்டு; அன்றைய விதிப்படி 5 சதவீதம், அதாவது இன்னொரு 27,750. அந்த வரியை வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது திரும்பப் பெறலாம் என்பது உண்மைதான். ஆனால் பணம் கையை விட்டுப் போவது முன்னால், திரும்பி வருவது பல மாதம் கழித்து. விமான டிக்கெட், அறை, ரயில் என்று நாமே தனித்தனியாகப் போட்டுக்கொண்டால் அந்தத் தொகுப்பு வரிக்கே வேலையில்லை.

அந்த விலைத்தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து ஒவ்வொரு வரியாகப் பிரித்தேன். ஆறு பகலில் இரண்டு பகல் விமானத்துக்கும் விமான நிலையத்துக்கும் போய்விடுகிறது. மீதி நான்கு பகலில் காட்டுவதாகச் சொன்ன இடங்களில் பாதி, யார் போனாலும் இலவசம். பிரிட்டிஷ் மியூசியத்துக்கும் நேஷனல் கேலரிக்கும் நுழைவுக் கட்டணமே கிடையாது. பக்கிங்ஹாம் அரண்மனையின் வாசலில் நின்று பார்க்கவும் காசு வேண்டாம். அப்படியானால் பணம் எங்கேதான் போகிறது?

படுக்கைக்குப் போகிறது. பிரிட்டனில் பார்ப்பதற்கு ஆகும் செலவு குறைவு, உறங்குவதற்கு ஆகும் செலவுதான் அதிகம். இதைப் புரிந்துகொண்ட அன்று திட்டமே தலைகீழானது. எந்த ஊரைப் பார்க்கப் போகிறோம் என்று தொடங்குவதை விட்டுவிட்டு, எந்த ஊரில் படுக்கை மலிவு, அங்கிருந்து பார்க்க வேண்டியது எவ்வளவு தூரம் என்று தேட ஆரம்பித்தேன்.

மே மாத நடுவில் மூன்று பேர் தங்க, சமையலறையோடு ஒரு சின்ன வீடு. இதையே மூன்று ஊரிலும் ஒரே நாளில் பார்த்தேன். லண்டனில் ஓரளவு உள்ளே இருக்கும் பகுதியில் ஓர் இரவுக்கு 190 பவுண்டுக்குக் கீழே நம்பத்தக்கதாக எதுவும் கிடைக்கவில்லை. எடின்பரோவில் 160. கிளாஸ்கோவில் 88. எட்டு இரவுக்குக் கணக்குப் போட்டால் லண்டனுக்கும் கிளாஸ்கோவுக்கும் இடையே 816 பவுண்டு வித்தியாசம். அதில் ஒருவருடைய விமான டிக்கெட்டே வாங்கி, இன்னும் மிச்சம் வைக்கலாம்.

கிளாஸ்கோவிலிருந்து எடின்பரோவுக்கு ரயிலில் ஏறக்குறைய 50 நிமிடம். கால் மணிக்கு ஒரு வண்டி. போய்வரும் டிக்கெட் அப்போது 16 பவுண்டு 80 பென்ஸ், ஆனால் காலை நெரிசல் நேரம் முடிந்து 9.15க்குப் பிறகு கிளம்ப வேண்டியிருந்தது. எடின்பரோவில் இரவு தங்காமல் எடின்பரோவைப் பார்த்துவிடலாம் என்பது இதில்தான் தெளிவானது.

அம்மாவைச் சம்மதிக்க வைத்தவர் மன்றோ

கணக்கு எனக்குச் சரி. அம்மாவுக்கு கிளாஸ்கோ என்றால் கப்பல் கட்டிய ஊர், புகைபிடித்த தொழில் நகரம், அவ்வளவுதான். "அங்க என்னடா இருக்கு?" என்று கேட்டார்.

நான் சொன்னது ஒரே ஒரு பெயர். தாமஸ் மன்றோ. அம்மா முப்பது வருடம் கரும்பலகையில் எழுதிய பெயர். உழவரிடமே நேரடியாக நிலவரி வாங்கும் ரயத்துவாரி முறையைக் கொண்டுவந்தவர், 1820 முதல் 1827 வரை சென்னை மாகாண ஆளுநர். தீவுத்திடல் பக்கம் சேணமில்லாத குதிரைமேல் இன்றைக்கும் உட்கார்ந்திருக்கிறார். 1761ல் அவர் பிறந்தது கிளாஸ்கோவில், படித்ததும் அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில். அம்மா அன்றிரவே பழைய புத்தகங்களை இறக்கிவிட்டார். வயதானவர்களோடு போகும் பயணத்தில் இந்த மாதிரி ஒரு பிடி கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று நினைக்கிறேன். விலை குறைவு என்ற ஒரே காரணத்துக்காக ஒரு ஊருக்குக் கூட்டிப்போனால், அங்கே போன பிறகும் அது விலை குறைந்த ஊராகத்தான் தெரியும்.

சித்தி சம்மதிக்கவில்லை, விட்டுக்கொடுத்தார். இரண்டும் வேறு. கிளாஸ்கோவிலிருந்து லண்டனுக்கு ரயிலில் நாலரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். போய், ஓர் இரவு தங்கி, திரும்புவதற்கு மூன்று பேருக்கும் ஆகும் செலவை எழுதிப் பார்த்தேன், கையிருப்பைத் தாண்டியது. "சரி விடு, இன்னொரு தடவை பாத்துக்கலாம்" என்றார் சித்தி. அந்த வார்த்தையை நான் இந்தக் கணக்கில் கடனாகவே வைத்திருக்கிறேன்.

விசா: பணத்தின் அளவைவிட அதன் வரலாறு

நாங்கள் விண்ணப்பித்தது ஆறு மாத சாதாரணப் பார்வையாளர் விசா. அப்போது கட்டணம் 115 பவுண்டு. ஒருவருக்கு 13,000 ரூபாயை ஒட்டி வந்தது. 2025 ஏப்ரல் 9 முதல் அது 127 பவுண்டாக உயர்ந்தது. பயணத் தேதிக்கு மூன்று மாதம் முன்புதான் விண்ணப்பிக்க முடியும், அதற்கு முன்னால் முடியாது. மறுத்தாலும் கட்டணம் திரும்பாது. விண்ணப்பத்தை இணையத்தில் நிரப்பிவிட்டு, கைரேகையும் படமும் கொடுக்கச் சென்னைக்குப் போனோம். மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் போய், மறுநாளே திரும்பிவிட்டோம்.

இங்கேதான் பெரிய தவறு ஒன்று நடக்கப் பார்த்தது. தெரிந்தவர் ஒருவர், வங்கிக் கணக்கில் தலைக்கு ஐந்து லட்சமாவது இருக்க வேண்டும், கைமாற்று வாங்கிப் போட்டுவிட்டு விசா வந்ததும் எடுத்துக் கொடுத்துவிடுங்கள் என்று அக்கறையோடு சொன்னார். அம்மா கிட்டத்தட்ட ஒப்புக்கொண்டுவிட்டார். பிரிட்டன் விசாவுக்கு இவ்வளவு இருக்க வேண்டும் என்று எழுதிவைத்த குறைந்தபட்சத் தொகை எதுவும் கிடையாது. அதிகாரி பார்ப்பது, இந்த வருமானத்துக்கு இந்தச் செலவு பொருந்துகிறதா, இந்தப் பணம் எங்கிருந்து வந்தது, இவர்கள் ஊர் திரும்பக் காரணம் இருக்கிறதா என்பதைத்தான். மாதம் ஓய்வூதியம் மட்டும் வரும் கணக்கில் திடீரென்று ஐந்து லட்சம் விழுந்தால் அதுவே சந்தேகத்தைக் கிளப்பும்.

இதில் எங்களுக்கு ஒரு உண்மையான சிக்கலும் இருந்தது. அம்மாவின் சீட்டுப் பணம் ஜனவரியில் ஒரே தொகையாகக் கணக்கில் ஏறியிருந்தது. அதை மறைக்கவில்லை. சீட்டின் பாஸ்புக், மாதா மாதம் கட்டிய ரசீதுகள், முடிந்த தேதி எல்லாவற்றையும் படமெடுத்து இணைத்தோம். ஒன்றரைப் பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினோம்: யார் யார் போகிறோம், எந்தத் தேதி, எங்கே தங்குகிறோம், மொத்தச் செலவு என்ன, அதை யார் தருகிறார்கள், ஜனவரியில் வந்த தொகை எதனால். அம்மாவின் ஓய்வூதிய ஆணை, ஆறு மாத வங்கிக் கணக்கு, வீட்டு வரி ரசீது வைத்தோம். சித்திக்குத் தனி வருமானம் இல்லை. அவருடைய செலவை அம்மா ஏற்பதாகக் கடிதமும், இருவரும் அக்கா தங்கை என்பதற்கான சான்றும் வைத்தோம். மூன்று வாரத்துக்குள் மூன்று பேருக்கும் வந்துவிட்டது.

கணக்கில் பணம் குறைவாக இருக்கிறதே என்று பயப்படுகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான். குறைந்த செலவில் போகிறோம் என்பது குற்றமில்லை. அந்தக் குறைந்த செலவு எப்படிச் சாத்தியம் என்று தாளில் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

காத்திருந்ததன் விலை

சென்னையிலிருந்து துபாய் வழியாக கிளாஸ்கோவுக்குப் போய்வர, ஜனவரியில் டிக்கெட் 58,000 ரூபாய் காட்டியது. வாங்கவில்லை. விசா வந்த பிறகு மார்ச்சில் வாங்கியபோது 66,400. மூன்று பேருக்கு 25,200 ரூபாய் கூடுதல்.

இது சரியான முடிவா என்று பயணம் முடியும்வரை எனக்குள் ஒரு வாதம் ஓடிக்கொண்டே இருந்தது. இப்போது தெளிவாகச் சொல்வேன், சரிதான். விலை குறைந்த அந்த டிக்கெட் ரத்து செய்தால் பெரும்பகுதி திரும்பி வராத வகை. மூவரில் ஒருவருக்கு விசா மறுக்கப்பட்டாலும் மூவருமே போகமாட்டோம். அப்போது போயிருக்கக்கூடியது 1,74,000 ரூபாய், அம்மாவின் சேமிப்பில் பாதியை நெருங்கும் தொகை. நன்றாகச் சம்பாதிக்கும் இளைஞர் அந்தத் துணிச்சலை எடுக்கலாம். ஓய்வூதியப் பணத்தில் எடுக்கக் கூடாது.

அறையை மட்டும் ஜனவரியிலேயே பிடித்துவைத்தோம், கடைசி வாரம்வரை இலவசமாக ரத்து செய்யலாம் என்ற நிபந்தனையோடு. ஆனால் வாடகை பவுண்டில், கட்டுவது அங்கே போய். ஜனவரியில் பவுண்டு 107 ரூபாய் அளவில் இருந்தது. நாங்கள் செலவு செய்த மே மாதத்தில் 113ஐத் தாண்டிவிட்டது. அங்கே அறை, ரயில், பேருந்து, சாப்பாடு, கோட்டை இவற்றுக்கு நாங்கள் செலவழித்தது மொத்தம் 1,143 பவுண்டு. மதிப்பு மாறியதில் மட்டும் ஏறக்குறைய 6,900 ரூபாய் கூடியது. என் முதல் திட்டம் 3,85,000. டிக்கெட்டுக்கு நான் மனதில் வைத்திருந்தது 62,000. டிக்கெட்டில் 13,200, பவுண்டில் 6,900, இந்த இரண்டுமே திட்டத்துக்கும் உண்மைக்கும் இடையே விழுந்த பள்ளத்தை அநேகமாக முழுதும் விளக்கிவிடுகின்றன. அங்கே போய் ஊதாரித்தனம் செய்ததாக எதுவும் இல்லை. வெளிநாட்டுச் செலவுக்குத் திட்டம் போடும்போது அன்றைய மதிப்பைவிட ஏழெட்டு ரூபாய் கூட்டியே பவுண்டைக் கணக்கிட வேண்டும் என்பதை இதில் கற்றேன்.

ஐம்பத்தாறு படிகள்

தங்கியது பார்ட்டிக் என்ற பகுதியில். அதைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், ரயில் நிலையமும் சுரங்க ரயில் நிலையமும் அங்கே ஒரே இடத்தில் இருக்கின்றன. விமான நிலையத்துக்கு ரயில் கிடையாது. பேருந்தில் நகரத்துக்கு வந்து அங்கிருந்து மாறினோம்.

வீடு நன்றாக இருந்தது. மணற்கல்லில் கட்டிய, நூறு வயது தாண்டிய கட்டடம், உயரமான கூரை, வெளிச்சம் நிறைந்த சமையலறை. ஆனால் மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. கிளாஸ்கோவின் இந்தப் பழைய குடியிருப்புகளில் பொதுவாக லிஃப்ட் இருக்காது. எல்லா வீட்டுக்கும் நடுவில் ஒரே கல் படிக்கட்டுதான். விளம்பரத்தில் லிஃப்ட் உண்டு என்றும் போடவில்லை, இல்லை என்றும் போடவில்லை. நான் கேட்கவில்லை. ஐம்பத்தாறு படி. அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. பெட்டிகளை நான் இரண்டு நடையாக ஏற்றினேன். அம்மா ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று ஏறினார், முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அதனால் ஒரு நாளில் ஒரே தடவைதான் இறங்கி ஏறுவது என்று விதி வைத்துக்கொண்டோம். காலை ஒன்பதரைக்குக் கிளம்பினால் இரவுதான் திரும்புவது. நல்லவேளையாக மே மாத நடுவில் அங்கே சூரியன் மறைய இரவு ஒன்பதரை ஆகிறது. பெரியவர்களோடு போகிறவர்கள் வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி வாடகை அல்ல. எத்தனை படி என்பது.

காசு கேட்காத ஊர்

கிளாஸ்கோ மாநகரம் நடத்தும் அருங்காட்சியகங்கள் இலவசம். கெல்விங்ரோவ் அருங்காட்சியகம் 1901ல் திறந்தது. அதைக் கட்டிய பணத்தில் ஒரு பங்கு, 1888ல் அந்த ஊரில் நடந்த சர்வதேசப் பொருட்காட்சியின் லாபம். உள்ளே கூரையிலிருந்து ஒரு ஸ்பிட்ஃபயர் போர் விமானம் தொங்குகிறது, அதன்கீழே பாடம் செய்த யானை நிற்கிறது. பகல் ஒரு மணிக்கு மாடத்திலிருக்கும் ஆர்கன் என்ற பெரிய இசைக்கருவியை வாசிக்கிறார்கள். அம்மாவும் சித்தியும் அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து கேட்டார்கள்.

இந்தியர்கள் தெரிந்துகொண்டு போக வேண்டிய ஒரு செய்தி அந்தக் கட்டடத்துக்கு உண்டு. 2022 ஆகஸ்டில் ஏழு கலைப்பொருட்களை இந்தியாவுக்குத் திருப்பித் தர கிளாஸ்கோ அங்கேதான் ஒப்பந்தம் செய்தது. பிரிட்டனில் இப்படிச் செய்த முதல் அருங்காட்சியக நிர்வாகம் அதுதான். ஏழில் ஆறு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் வட இந்தியக் கோயில்களிலிருந்து எடுத்துப் போனவை. அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "திருப்பித் தரணும்னு தோணுச்சே" என்று மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை கதீட்ரல் என்ற பெரிய தேவாலயத்தின் பக்கம் போனோம். இடைக்காலத்துக் கட்டடம், அதுவும் இலவசம். எதிரிலேயே செயின்ட் முங்கோ சமய அருங்காட்சியகம். சின்ன இடம், சுற்றுலாக்காரர் பலர் தாண்டிப் போய்விடுவார்கள். அங்கே ஒரு நடராஜர் வெண்கலச் சிலை இருக்கிறது. சித்தி செருப்பைக் கழற்றப் போனார். பிறகு சுற்றிப் பார்த்துவிட்டு கைமட்டும் கூப்பினார். எட்டு நாளில் லண்டனைப் பற்றிய ஏக்கம் சித்தி முகத்தில் இல்லாத ஒரு மணி நேரம் அதுதான் என்று எனக்குத் தோன்றியது. திங்கட்கிழமை அந்த இடம் மூடியிருக்கும், பல்கலைக்கழகத்தின் ஹன்டேரியன் அருங்காட்சியகமும் அப்படியே. நாள் பார்த்துத் திட்டம் போட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை தாவரவியல் பூங்காவின் கண்ணாடி மாளிகை, அப்புறம் 1451ல் தொடங்கிய பல்கலைக்கழகம். மன்றோ படித்த பல்கலைக்கழகமாயிற்றே என்று வளைவுத் தூண்களுக்கு நடுவே அம்மா மெதுவாக நடந்தார். ஆனால் இன்று நிற்கும் கட்டடம் மன்றோ காலத்துக்குப் பிந்தியது. பல்கலைக்கழகம் இந்த மேட்டுக்கு மாறியது 1870ல். அதை அம்மாவே எனக்குச் சொன்னார்.

அன்று மாலை ஒரு பிழை. கிளாஸ்கோ சுரங்க ரயில் 1896ல் தொடங்கியது. ஒரே வட்டம், பதினைந்து நிலையம், ஒரு சுற்றுக்கு 24 நிமிடம். நாங்கள் போனபோது ஒரு பயணம் இரண்டு பவுண்டுக்குள். மலிவு, எளிது, தொலையவே முடியாது. ஆனால் அப்போது ஞாயிறன்று மாலை ஆறு மணியை ஒட்டி அது நின்றுவிடும். வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்ததால் மணி ஏழானதே தெரியாமல் நகர மையத்தில் உட்கார்ந்திருந்தோம். நிலையத்தின் கதவு இறக்கியிருந்தது. அம்மாவின் கால் அன்றைக்கு அதற்குமேல் தாங்காது என்பதால் டாக்ஸி, 13 பவுண்டு.

திங்கட்கிழமை மழை. வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கும் ரிவர்சைடு அருங்காட்சியகத்தில் டிராம்களையும் நீராவி எஞ்சினையும் பார்த்தோம். உலகத்துக்கே எஞ்சின் கட்டி அனுப்பிய ஊர் அது, நம் ரயில்களுக்கும்தான். புதன்கிழமை பொல்லாக் பூங்காவுக்குள் இருக்கும் பரல் தொகுப்பு. வில்லியம் பரல் என்ற கப்பல் வணிகர் வாழ்நாள் முழுதும் சேர்த்த கலைப்பொருட்களை 1944ல் ஊருக்கே எழுதிவைத்துவிட்டார். வியாழன் பாலக் என்ற ஊருக்கு ரயிலில் போய், லோமண்ட் ஏரிக்கரையில் தயிர்சாதத்தைப் பிரித்துச் சாப்பிட்டோம். ஏரியைப் பார்க்கவும் கட்டணம் இல்லை.

கோட்டை இருந்த நாள்

மொத்தப் பயணத்தில் நுழைவுச்சீட்டுக்குச் செலவழித்தது 64 பவுண்டு. எல்லாமே எடின்பரோ கோட்டைக்குத்தான். மற்ற எதிலும் காசு கொடுக்காமல் இருந்ததே இதில் யோசிக்காமல் கொடுப்பதற்காக. முன்கூட்டியே இணையத்தில் வாங்கினால் வாசல் விலையைவிடக் குறைவு.

செவ்வாய்க்கிழமை, நெரிசல் நேரம் முடிந்த பிறகு கிளம்பி, பதினொரு மணிக்கு முன்பே கோட்டை வாசலில் இருந்தோம். பகல் ஒரு மணிக்குக் கோட்டையின் பீரங்கி முழங்கும். ஞாயிறு தவிர அநேகமாக எல்லா நாளும் உண்டு. ஒரு காலத்தில் துறைமுகத்துக் கப்பல்கள் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ள வைத்த வழக்கம். கோட்டைக்குள் போகாதவர்கள் கீழே பிரின்சஸ் தெருவில் நின்றே கேட்கலாம். அம்மா மதில்மேல் நின்று கேட்டார், அவ்வளவு பக்கத்தில். காதைப் பொத்திக்கொள்ளச் சொன்னேன், பொத்தவில்லை.

பிறகு ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகம், இலவசம். நகலாக்கம் செய்த செம்மறியாடு டாலி அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கிறது. ஆர்தர்ஸ் சீட் குன்று 251 மீட்டர். அம்மாவின் காலுக்கு அது ஆகாது. பதிலாகக் கால்டன் குன்று, படி கொஞ்சம்தான், ஏறினால் ஊரும் கடலும் சேர்ந்து தெரிகின்றன. மாலை எட்டு மணிவரை அங்கே வெயிலில் உட்கார்ந்திருந்துவிட்டு ரயிலேறினோம். எடின்பரோவுக்கு இந்த ஒரு நாள் போதுமா என்று கேட்டால், போதாது. இரண்டு நாள் வேண்டும். 2025 செப்டம்பர் முதல் தேதியிலிருந்து ஸ்காட்லாந்தின் ரயில் சேவையான ஸ்காட்ரெயிலில் நெரிசல் நேரக் கூடுதல் கட்டணத்தையே எடுத்துவிட்டார்கள். விடிகாலையிலேயே அதே விலையில் கிளம்பலாம். இப்போது போவதாக இருந்தால் இரண்டு தடவை போயிருப்பேன்.

சமையலறை, குழாய்த் தண்ணீர், நோட்டு

சாப்பாட்டுக்கு எட்டு நாளில் மூவருக்கும் 210 பவுண்டு. இரண்டு முறை வெளியே உட்கார்ந்து சாப்பிட்டதும் அதில் அடக்கம். காலையில் உப்புமாவோ தோசையோ, மதியத்துக்கு டப்பாவில் கட்டிய சாதம், இரவு ரசம். இங்கிருந்து பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், ரசப்பொடி, ரவை எடுத்துப் போனோம். நெய், பால்பொடி, பால்கோவா எடுக்கவில்லை. நம் நாட்டிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் கொண்டுபோக அங்கே தடை. வெண்டைக்காய், கொத்தமல்லிக்கு பொல்லாக்‌ஷீல்ட்ஸ் பகுதியின் ஆல்பர்ட் டிரைவ் தெருவுக்குப் போனோம், தெற்காசியக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பரல் தொகுப்புக்குப் போன நாளிலேயே அதையும் முடித்துக்கொண்டோம். சமைக்க முடியாத நாளில் சூப்பர் மார்க்கெட்டில் சாண்ட்விச், ஒரு நொறுக்கு, ஒரு பானம் சேர்த்து அப்போது நாலு பவுண்டுக்கு விற்ற மீல் டீல் கைகொடுத்தது.

தண்ணீர் பாட்டில் ஒன்றுகூட வாங்கவில்லை. கிளாஸ்கோவின் குழாய்த் தண்ணீர் கேட்ரின் ஏரியிலிருந்து வருகிறது, 1859லிருந்து. இவ்வளவு ருசியான தண்ணீரை இலவசமாகக் குடித்துவிட்டு யாராவது காசு கொடுப்பார்களா என்று சித்தி கேட்டார்.

பணத்தைப் பொறுத்தவரை, பெரும்பகுதியை ஃபாரெக்ஸ் கார்டில், அதாவது வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே நிரப்பிவைக்கும் அட்டையில், ஏற்றிக்கொண்டோம். சாதாரண கிரெடிட் கார்டில் வெளிநாட்டுச் செலவுக்கு மூன்றரை சதவீதம்வரை கூடுதலாகப் பிடிப்பார்கள், அதன்மேல் ஜிஎஸ்டி வேறு. கடையில் கார்டைத் தட்டும்போது ரூபாயிலா பவுண்டிலா என்று கருவி கேட்டால் பவுண்டைத்தான் அழுத்த வேண்டும். ரூபாயை அழுத்தினால் கடைக்காரர் தரப்பு வைக்கும் மதிப்பில் நாம் மாட்டிக்கொள்வோம். சித்தப்பா கொடுத்தனுப்பிய 150 பவுண்டு ரொக்கத்துக்கு அநேகமாக வேலையே இருக்கவில்லை.

முழுக் கணக்கு இது: விமானம் 1,99,200. விசா 39,000. தங்குமிடம் 79,550. காப்பீடு 7,500, பிரிட்டனுக்குக் கட்டாயமில்லை என்றாலும் அம்மா வயதுக்காக எடுத்தோம். அங்கே ரயில், பேருந்து 18,600. சாப்பாடு 23,700. கோட்டை 7,200. சென்னைக்குப் போய்வந்த செலவுகள் 11,000. போன், பரிசுப் பொருட்கள், சித்திக்கு அங்கே வாங்கிய மழைக்கோட்டு, அந்த டாக்ஸி எல்லாம் சேர்த்து 21,000. தலைக்கு 1,35,600 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு.

இப்போது திட்டமிடுகிறவர்கள் சில தேதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். எடின்பரோவில் 2026 ஜூலை 24 முதல் தங்கும் இரவுகளுக்கு, முதல் ஐந்து இரவுவரை அறை வாடகையில் 5 சதவீதம் பார்வையாளர் வரி. ஆகஸ்டில் 1947லிருந்து நடக்கும் கலை விழாக்களால் அந்த ஊரில் அறை விலை எப்போதுமே ஏறிவிடும். கிளாஸ்கோவில் 2026 ஜூலை 23 முதல் ஆகஸ்ட் 2 வரை காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி; அந்த வாரங்களில் என் 88 பவுண்டுக் கணக்கு செல்லாது. நம் பள்ளிக் கோடை விடுமுறையான மே மாதமே இரண்டு ஊருக்கும் நல்ல காலம். எங்களுக்கு எட்டு நாளில் இரண்டு நாள்தான் மழை.

கடைசியாக, அந்த ரொக்கம். ஸ்காட்லாந்தில் மூன்று வங்கிகள் தங்கள் சொந்த நோட்டை அச்சடிக்கின்றன. அங்கே கொடுத்த மீதிச் சில்லறையெல்லாம் அந்த நோட்டுகளாகவே வந்தது. இங்கிலாந்து நோட்டாக மாற்றிக்கொண்டு வந்திருக்க வேண்டும், மறந்துவிட்டேன். திருச்சியில் இரண்டு இடத்தில் கேட்டோம், ஸ்காட்லாந்து நோட்டு வேண்டாம் என்றுவிட்டார்கள். 35 பவுண்டு. சித்தி அதை ஒரு கவரில் போட்டு பீரோவில் வைத்திருக்கிறார். அம்மாவின் நோட்டுப் புத்தகத்தில் கிளாஸ்கோக் கணக்கு முடிந்த பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில், தன் கையெழுத்தில் மேலே லண்டன் என்று எழுதி, வரவு 35 என்று போட்டிருக்கிறார்.